மகள் இல்லாத மருமகன்

மம்பாவ்
3 மார்ச் 2024

அன்புத் தங்கை பஞ்சாலைக்கு,

இங்கு நலம். உன் நலத்தை மகள் ஷாமினி வழியாகத்தான் அறிகிறேன். ஆறரை மாதமாக என் அழைப்பை நீ எடுப்பதில்லை. அவள் கூப்பிட்டால் மட்டும் இரண்டாவது மணியில் எடுத்துவிடுகிறாயாம். ஆகவே கடிதம். நாற்பது வருடம் பத்திரிகைக்கு எழுதிய கை இது. உனக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆகிறது.

அறுபத்து மூன்று வயதில் தபால்வழியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறாய் என்று ஷாமினி சொன்னாள். இந்தக் கல்விப் பருவத்தில் மறுமலர்ச்சிக் கால நாடகங்களும், மன்னராட்சி மீண்ட காலத்து நாடகங்களும் பாடமாம். பட்டியலை அவளிடம் வாங்கிக்கொண்டேன். சிரம்பானில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு தொகுப்பு கிடைத்தது. உன் பட்டியலின் எட்டு நாடகங்களில் ஆறு அதில் இருக்கின்றன. பேச நமக்கு ஒரு பொருள் வேண்டுமே என்றுதான் வாங்கினேன். மறைப்பானேன்.

முதல் நாடகத்தை நான்கு நாளில் முடித்தேன். நிருபர் புத்தி, எண்ணிக்கொண்டே படித்தேன். மொத்தம் ஒன்பது சாவு. வாளால் ஐந்து, நஞ்சால் மூன்று, ஒருத்தி துக்கத்தால். கொலைகாரன் யாரென்று பார்ப்பவர்களுக்கு முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை. இப்படிச் செய்தி எழுதிக் கொடுத்திருந்தால் என் ஆசிரியர் தாளைக் கிழித்திருப்பார்.

உன் அண்ணி தனலெட்சுமிக்கு முட்டிவலி. என் இதயத்தில் வைத்த ஸ்டெண்ட் தொல்லை தரவில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? ரம்புத்தான் மரம் பூத்ததா? அந்தக் கறுப்புப் பூனை இருக்கிறதா?

பதில் எழுது.

உன் அண்ணன்
திருச்செல்வம்


கோலா கிளாவாங்
17 மார்ச் 2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. மரம் பூக்கவில்லை. பூனை இருக்கிறது. முதுகையும் மரத்தையும் பூனையையும் கேட்டவர், இந்த வீட்டில் என்னோடு இருபத்தாறு வருடமாக இருக்கும் மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை. ராய்ஸ்டன் நலம். நீங்கள் நாடகம் படிப்பதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்படுகிற ஆள்.

நீங்கள் எண்ணியது சரி, ஒன்பதுதான். ஆனால் சாவை எண்ணி இந்த நாடகங்களைப் புரிந்துகொள்ள முடியாது. யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். ஒருவன் நண்பனின் தோளில் கைபோட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பி நம்மிடம் உண்மையைச் சொல்வான். அது நண்பனுக்குக் கேட்காது. அக்கால மேடையில் அப்படி ஒரு ஏற்பாடு. என் ஆசிரியை அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதற்குப் புத்தகமே தேவையில்லை. அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தேன்.

இன்னொன்று. நீங்கள் முதல் அங்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் இருக்கும். அதைப் படியுங்கள்.

தங்கை
பஞ்சாலை


மம்பாவ்
31 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதினாயே, அதுவே போதும். ராய்ஸ்டன் அவர்களை விசாரித்ததாகச் சொல். கேட்காமல் விட்டது மறதி.

பட்டியல்களைப் படித்தேன். அரசு விருந்தில் நாற்காலி போடுகிற வரிசை போலவே இருக்கிறது. முதலில் கோமகன், பிறகு அவன் தம்பி, பிறகு பிரபுக்கள், மருத்துவர், வேலையாட்கள். ஆண்கள் எல்லாரும் முடிந்த பிறகுதான் பெண்கள். அவர்களுக்கும் பெயரோடு ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று ஒட்டு. கதை முழுக்க ஒருத்தியைச் சுற்றி நடந்தாலும் பட்டியலில் அவள் கதவு திறக்கிற வேலையாளுக்குக் கீழேதான்.

முன்னுரையில் ஒரு செய்தி கண்டேன். சட்டம் போட்டு நாடகக் கொட்டகைகளைப் பதினெட்டு வருடம் மூடியிருக்கிறார்கள். திரும்பத் திறந்தபோதுதான் பெண்கள் மேடையேறினார்கள். அதுவரை பெண் வேடமும் ஆண் பிள்ளைகளே. பதினெட்டு வருடம் மூடிக்கிடந்தது திறந்திருக்கிறது. ஆறரை மாதம் பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ எதைச் சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவின் மரண அறிவித்தலில் உன் பெயர் விட்டுப்போனது பெரிய தவறு. பக்கம் கட்டியவர்கள் இடம் போதாமல் ஒரு வரியை வெட்டிவிட்டார்கள். அங்கேயே ஆயுளைக் கழித்தவன் நான், எனக்கே அப்படிச் செய்தார்கள். உன்னைத் தொலைபேசியில் அழைக்கும்படி தனலெட்சுமியிடம் சொன்னேன். நான் அழைத்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். சாவு வீட்டுக் குழப்பம். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்
திருச்செல்வம்


கோலா கிளாவாங்
14 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து.

நீங்கள் செய்தி எழுதியவர். ஆகவே செய்தியாகவே சொல்கிறேன். சென்ற வருடம் ஆகஸ்ட் 20, ஞாயிறு. இங்குள்ள மளிகைக்கடைக்குப் பத்திரிகை வரப் பதினொன்றரை ஆகும். ராய்ஸ்டன் வாங்கி வந்தார். சமையலறை மேசையில் விரித்துத் திருப்பினேன். ஏழாம் பக்கத்தில் அம்மா. மயிலம்மாள், வயது 88, காலமானார். இறுதிச் சடங்கு பிற்பகல் இரண்டு மணிக்கு, ரந்தாவ் தாமான் குடியிருப்பிலுள்ள வீட்டில். என் அம்மா செத்ததை நான் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டேன்.

கீழே பெயர்கள். மகன்: திருச்செல்வம். மருமகள்: தனலெட்சுமி. மருமகன்: ராமசாமி. பேத்தி: ஷாமினி.

ராய்ஸ்டன் காரை எடுத்துவிட்டார். மலைப்பாதையில் இறங்கிப் போயிருந்தால் இரண்டு மணிக்குச் சேர்ந்திருக்கலாம். நான்தான் ஏறவில்லை. அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு வந்திருக்கும் கூட்டத்தில், நான் யார் என்று சொல்லி உள்ளே நுழைவேன்?

ஒரு வரி வெட்டுப்பட்டது என்கிறீர்கள். வெட்டுப்பட்டிருந்தால் மருமகனும் சேர்ந்து போயிருக்க வேண்டும். மகள் இல்லாமல் மருமகன் எப்படி வந்தார்? இதை நீங்கள் யோசித்திருப்பீர்கள். நான் யோசிக்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறீர்கள்.

சிரம்பான் விளம்பர அலுவலகத்துக்குப் போன செப்டம்பரிலேயே போனேன். அங்கே இருக்கும் மோகனா என்னிடம் ஆங்கிலம் படித்தவள். நீங்கள் கைபேசியில் படமெடுத்து அனுப்பிய தாளைத் தேடிக் காட்டினாள். உங்கள் கையெழுத்து. ‘மகள்: பஞ்’ என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். ஒரே கோடு. கை நடுங்காத கோடு.

ராமசாமிக்கும் எனக்கும் 1993இல் விவாகரத்து ஆனது. அவர் அடித்ததில் வலது காது கேட்காமல் போனது அதற்கு மூன்று வருடம் முன்பு. அப்போது அம்மாதான் என்னை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நீங்கள் ஒரு மாநாட்டுச் செய்திக்குப் போயிருந்தீர்கள். ராய்ஸ்டனுக்கும் எனக்கும் 1998இல் பதிவுத் திருமணம். அம்மா இங்கே வந்து இரண்டு வாரம் இருப்பார், ராய்ஸ்டன் போட்ட காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பார். மருமகன் யார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

இப்போது மன்னராட்சி மீண்ட காலத்து இன்பியல் நாடகங்களில் இருக்கிறேன். நகரத்துக் கணவன், நகரத்து மனைவி. அன்பு கிடையாது, வெட்கமும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே நிபந்தனை பேசுகிறார்கள். என் கடிதத்தை நீ பிரிக்கக் கூடாது, எனக்குத் தெரியாமல் விருந்தாளியைக் கூட்டி வரக் கூடாது என்று ஒவ்வொன்றாக. படிக்கும்போது குளிர்ந்த ஜனங்கள் என்று தோன்றும். ஆனால் அங்கே மனைவியைக் கேட்காமல் எதுவும் எழுதுவதில்லை.

பஞ்சாலை


மம்பாவ்
28 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

நான் சொன்னது பொய். யாரும் வரியை வெட்டவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அம்மா சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்குப் போனார். விளம்பரம் ஆறு மணிக்குள் சேர வேண்டும். வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராமசாமிதான் ஆட்களை வேலை வாங்கினார். நான் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். உனக்குத் தெரியும், அந்த அறிவித்தலில் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். மகன், பக்கத்தில் மருமகள். மகள், பக்கத்தில் மருமகன். உன் பெயரைத் தொடங்கியதும் பக்கத்தில் யாரைப் போடுவது என்று கை நின்றது. ராமசாமி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“அவ பேரப் போட்டா பக்கத்துல அந்த ராய்ஸ்டன் பேரையும் போடணும், மச்சான். தோட்டத்து ஆளுங்க அத்தன பேரும் படிப்பாங்க லா. போடுவியா?” என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“கெழவிக்குக் கடைசி மூணு வருசம் மருந்து வாங்கிக் குடுத்தது யாரு? என் பேரப் போடு” என்றார்.

அது உண்மை. நான் மம்பாவில், நீ மலைக்கு அந்தப் பக்கம். தாமானில் பக்கத்துத் தெருவில் இருந்தவர் அவர்தான். மறுநாள் பாடை தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர். கோயில் தலைவரும் அவரே. நான் கோடு போட்டேன். உன்னைக் கூப்பிட யாரையும் சொல்லவில்லை, அதுவும் பொய். உன்னைக் கூப்பிட்டால் நீங்கள் இருவரும் வருவீர்கள். வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன்.

நாற்பது வருடத்தில் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டதில்லை நான். பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18 ஞாயிறு அம்மாவுக்கு முதலாண்டு. கோயில் மண்டபத்தில் அன்னதானம். நீ வர வேண்டும். எனக்கு எழுபது ஆகிறது. உடன்பிறந்தவள் நீ ஒருத்திதான். நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

அண்ணன்


கோலா கிளாவாங்
12 மே 2024

அண்ணனுக்கு,

இதை எழுத உங்களுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. சரி.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்த எட்டு நாடகத்திலும் ஐந்தாம் அங்கத்தில் மன்னிப்புக் கேட்கிறவர்களைப் பார்த்துவிட்டேன். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது கேட்கிறார்கள், அல்லது திரை இறங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஷாமினியிடம் சொன்னேன், “அத்தை, நீங்க ரொம்ப கடுப்பா இருக்கீங்க” என்கிறாள். இருக்கிறேன்.

எனக்கு வேண்டியது திருத்தம். முதலாண்டு நினைவஞ்சலி பத்திரிகையில் போடுவீர்கள். அதில் ‘மகள்: பஞ்சாலை’ என்று வர வேண்டும். மருமகன் என்று ஒரு வரி இருந்தால் அங்கே ராய்ஸ்டன். அது முடியாதென்றால் அந்த வரியே வேண்டாம், என் பெயர் தனியாக இருக்கட்டும். ராமசாமி இருக்கக் கூடாது. மருந்து வாங்கிக் கொடுத்ததற்கு நான் நன்றி சொல்வேன். அவருக்கே எழுதவும் தயார். அதற்கு என் இடத்தைக் கொடுக்க முடியாது.

அச்சில் வந்தால் வருகிறேன்.

பஞ்சாலை


மம்பாவ்
2 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

ஒப்புக்கொண்டேன். வாசகத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மகன் திருச்செல்வம், மருமகள் தனலெட்சுமி, மகள் பஞ்சாலை, பேத்தி ஷாமினி. மருமகன் வரி இல்லை. அம்மாவின் வயதையும் திருத்திவிட்டேன். அடையாள அட்டையில் 88, உண்மையில் 89.

மனம் லேசாக இருக்கிறது. ஆறாவது நாடகத்தைத் தனலெட்சுமிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படிக்கிறேன். கணவன் மனைவியைச் சந்தேகப்பட்டு, ஆள் வைத்து, வேடம் போட்டு, அலமாரிக்குள் ஒளிந்து பார்க்கிறான். அவள் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “ஏங்க, பொண்டாட்டி எதுக்கதான இருக்கா? வாயத் தொறந்து கேட்டா முடிஞ்சுச்சு. இதுக்கு எதுக்கு அஞ்சு அங்கம்?” என்கிறாள். உன் ஆசிரியைக்கு இதை எழுதி அனுப்பு, முழு மதிப்பெண் கிடைக்கும்.

துன்பியல் நாடகத்தில் செத்துக் கிடந்த நடிகை, கதை முடிந்ததும் எழுந்து முன்னால் வந்து, சபையோரிடம் வேடிக்கையாக நாலு வார்த்தை பேசிக் கைதட்டச் சொல்வாளாமே. எனக்கு அது பிடித்திருக்கிறது. எவ்வளவு நடந்தாலும் எழுந்து வந்து பேசுவதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

அண்ணன்
திருச்செல்வம்


கோலா கிளாவாங்
16 ஜூன் 2024

அண்ணனுக்கு,

வாசகம் சரியாக இருக்கிறது. வயதும் சரி.

அண்ணி சொன்னதை ராய்ஸ்டனிடம் படித்துக் காட்டினேன். அவர் அதைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார். என் கட்டுரையிலும் சேர்த்துவிட்டேன், ‘என் அண்ணி தனலெட்சுமியின் கருத்து’ என்று.

எழுந்து வரும் நடிகையைப் பற்றி நான் அப்படி நினைக்கவில்லை. செத்தவளை எழுப்பி, கொன்றவர்களுக்காகவும் சேர்த்துக் கைதட்டல் கேட்க வைக்கிறார்கள். நல்ல வேலைதான்.

இருந்தாலும் 18ஆம் தேதி வருகிறோம், இரண்டு பேரும். அன்னதானத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று அண்ணியைக் கேட்டு எழுதுங்கள். அம்மாவுக்குப் பிடித்த பால்கோவா நான் கிண்டுகிறேன்.

தங்கை
பஞ்சாலை


மம்பாவ்
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் தாமதமாகிவிட்டது. கோயில் கும்பாபிஷேகம் அடுத்த மாதம். சிறப்பு மலரை நான்தான் தொகுக்கிறேன், அந்த வேலை.

ஒரு சிறு மாற்றம். போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் நினைவஞ்சலி வாசகத்தை ராமசாமி பார்த்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால், “என் பேர எடுத்துட்டு அவ பேரப் போட்டா, கோயில் மண்டபத்துல சோறு போட முடியாது லா, மச்சான்” என்றார். இருபது பேர் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்.

யோசித்து ஒரு வழி கண்டேன். யார் பெயரும் வேண்டாம். அம்மாவின் படம், தேதி, கீழே ‘அன்புக் குடும்பத்தார்’. அவ்வளவுதான். என் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. யாருக்கும் குறை இருக்காது. எல்லாரும் சமம்.

நீ புரிந்துகொள்வாய். நாம் வளர்ந்த தோட்டத்தைத் துண்டாக்கி விற்ற பிறகு மிஞ்சியிருப்பது அந்தத் தாமானில் ஐம்பது குடும்பம். நான் செத்தால் தூக்க வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களோடு இந்த வயதில் பகைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ கட்டாயம் வா. ராய்ஸ்டன் அவர்கள் விருப்பப்பட்டால் ரந்தாவ் டவுனில் காப்பிக் கடையில் சற்று நேரம் இருக்கட்டும். பூசை ஒரு மணி நேரந்தான். பிறகு நானே போய் அவரைக் கூட்டி வருகிறேன்.

அண்ணன்
திருச்செல்வம்


கோலா கிளாவாங்
25 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

18ஆம் தேதி பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்கள் என்று ஷாமினி சொன்னாள். பார்த்துவிட்டு மண்டபத்துக்குப் போக அரை மணி தாமதித்தீர்களாம். ராமசாமி சாப்பிடாமல் எழுந்து போனாராம். சோறு என்னவோ போட்டார்களாம்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. ராய்ஸ்டனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “காப்பிக் கடையில உக்காந்திருக்கிறதுல எனக்கொண்ணும் இல்ல, பஞ்சா” என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரியும். அதனால்தான் அவரைச் சொல்ல விட்டிருக்கக் கூடாது நான். மறுநாள் சிரம்பானுக்குப் போனோம்.

மோகனா தாளைக் கொடுத்தாள். அம்மாவின் பெயர், தேதி எழுதினேன். மகள் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பிறகு நின்றேன். மகன் என்ற வரியை விட்டுவிடலாம். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே, பெயர் இல்லாமல் இருப்பது. கோடுகூடப் போட வேண்டாம், எழுதாமல் இருந்தால் போதும். இரண்டு நிமிடம் இருக்கும். மோகனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாடகங்களில் பழிவாங்கக் கிளம்புகிறவன் ஆரம்பத்தில் நியாயஸ்தன். கடைசி அங்கத்தில் அவனுக்கும் எதிரிக்கும் வித்தியாசம் தெரியாது. என் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். எழுதிய கை அது, இரண்டு நிமிடம் நின்றது. உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

மகன்: திருச்செல்வம் என்று எழுதினேன். மருமகள்: தனலெட்சுமி. மருமகன்: ராய்ஸ்டன். பேத்தி: ஷாமினி. வயது 89.

“திருச்செல்வம் சாருக்குத் தெரியுமா டீச்சர்? அவங்களும் ஒண்ணு குடுத்திருக்காங்க, பேரே இல்லாம” என்றாள் மோகனா.

“பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்குவாரு” என்றேன்.

உங்கள் பெயரை அன்பினால் போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா பெற்றது இரண்டு. அது தகவல்.

பால்கோவா கிண்டவில்லை. 18ஆம் தேதி நாங்கள் எங்கும் போகவில்லை.

இனி எழுத வேண்டாம். உங்கள் மேல் கோபத்தில் சொல்லவில்லை, கோபம் உங்கள் ஏப்ரல் கடிதத்தோடு முடிந்துவிட்டது. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தது. இன்னொரு முறை என்னால் முடியாது. அண்ணிக்கு வேண்டுமானால் என்னை அழைக்கச் சொல்லுங்கள், எடுப்பேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தால் ராய்ஸ்டன் திருப்பி அனுப்பிவிடுவார். அவரைக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன்.

பஞ்சாலை